கல்லுக்குப் போட்ட கடலை

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் வீரம்மா குடியிருக்கும் காம்பராவில் ஆட்களைத் தவிர மற்றதெல்லாம் தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிடும். சுவர் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் குடிக்கும். உப்புப் போத்தல் அடியில் கசியும். தீக்குச்சியைப் பத்துத் தரம் உரசினால் மருந்து உதிருமே தவிர நெருப்பு வராது. பஞ்சு மெத்தை ஒரே வாரத்தில் இரண்டு ஆள் தூக்கும் பாரமாகிவிடும். கதவு உப்பிப்போய் நிலையோடு ஒட்டிக்கொள்ளும். புருசன் கணேஸ் தோளால் இடித்தால்தான் திறக்கும், காலால் உதைத்தால்தான் மூடும். அந்த வீட்டில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத யோக்கியன் கூரைத் தகரம் ஒன்றுதான். மேலே விழுந்ததை ஆணி ஓட்டை வழியாக அப்படியே கீழே இருப்பவர்களிடம் ஒப்படைத்துவிடும்.

வீரம்மாவுக்கு இதில் கோபம் வருமே தவிர ஆச்சரியம் வராது. ஹேவாஹெட்ட பஸ் நிற்கும் இடத்தில் ஆறு வருசமாக அவித்த கடலை விற்கிறவள் அவள். முழங்கால் மலை ஏற மறுத்த அன்று கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கடலைச் சட்டியைத் தூக்கினாள். எது எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பது அவளுடைய பிழைப்பு. ஒரு சுண்டு கடலை எட்டு மணி நேரத்தில் இரண்டேகால் சுண்டாகும். பயறு அதைவிட அவசரக்காரன். சோயா மீட்டுக்கு வெட்கமே கிடையாது, சுடுதண்ணீரைக் காட்டினால் ஐந்து நிமிசத்தில் மூன்று மடங்காகிவிடும். பழைய அரிசி குடிக்கும், புது அரிசி குடிக்காமல் குழையும். இதையெல்லாம் அவள் தேங்காய்ச் சில்லும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டுக் கடலையைக் கிளறிக்கொண்டே சொல்லுவாள். கண்டி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. தலையைச் சாய்த்தால் ஜாக்கெட்டு நனையாத ஒரு சுவர். இருபத்தேழு வருசமாக ஈரச் சுவரோடு படுத்து எழுந்தவளுக்கு இதைவிடப் பெரிய ஆசை வந்ததே இல்லை.

அந்த ஆசை பலிக்கும்போலத்தான் இருந்தது. கோயிலுக்குப் பின்னால் மேட்டில் இருபது குடும்பங்களுக்கு ஏழேழு பேர்ச் காணி கொடுத்து வீடு கட்டும் திட்டம் வந்தது. யாருக்கு எந்தக் காணி என்று சீட்டுக் குலுக்கினார்கள். வீரம்மா சாமி கும்பிட்டுக்கொண்டு நின்றாள். கணேஸ் கையை விட்டு எடுத்தான். பதினாலாம் நம்பர் வந்தது. பதினாலாம் நம்பர்க் காணியின் நட்டநடுவில் ஒரு வேன் அளவுக்குக் கல் ஒன்று உட்கார்ந்திருந்தது.

எந்தக் காலத்திலோ மலையிலிருந்து உருண்டு வந்த கல் அது. அடியில் வேர் இல்லை, மண்மேல்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் அசைக்க வழியில்லை. மேட்டுக்கு ஒற்றையடிப் பாதைதான், மண் வெட்டும் மெசின் ஏறாது. வெடி வைக்கவும் முடியாது, கீழே லயமும் கோயிலும் இருக்கின்றன. கணேஸ் பெரிய சுத்தியலால் இரண்டு நாள் அடித்துப் பார்த்தான். சுத்தியல் பிடி இரண்டு முறிந்தது, கல் ஒரு பொட்டுக்கூட உதிரவில்லை.

"உங்க கைராசி," என்று வீரம்மா சொன்னாள். அதற்குமேல் சொல்லவில்லை, ஆனால் மூன்று மாதமாகத் தினம் ஒரு தரம் சொன்னாள்.

கண்டியிலிருந்து கோசலா மிஸ் வந்தது மழை நன்றாகப் பிடித்த ஒரு வியாழக்கிழமை. வீடமைப்புத் திட்டத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்துப் பெண், வேலை கண்டியில். குடையை ஒரு கையிலும் படிவக் கோவையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு சேற்றில் வழுக்காமல் வரப் படாத பாடு பட்டாள். கல்லைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு வீரம்மாவிடம் சொன்னாள்.

"அம்மா, மற்ற எல்லாரும் அத்திவாரம் வெட்டீட்டினம். உங்கட காணி மட்டும்தான் இப்பிடிக் கிடக்கு. நான் இன்னும் பொறுக்கேலாது."

"பக்கத்துல தள்ளிக் கட்ட முடியாதுங்களா மிஸ்?"

"ஏழு பேர்ச்சில எங்கயம்மா தள்ளுறது? வீட்டுப் படம் எல்லாருக்கும் ஒண்டுதான். தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் திரும்பி வருவன். அதுக்குள்ள கல்லு உடைஞ்சிருக்கோணும். துண்டா அங்கயே கிடந்தாலும் பரவாயில்லை. முழுசா மட்டும் இருக்கக் கூடாது. முழுசா இருந்தா இந்த வீடு அடுத்த பெயருக்குப் போயிடும், உங்கட பெயர் பட்டியலின்ர கடைசிக்குப் போகும்."

"கடைசின்னா எத்தன வருசங்க?"

கோசலா படிவக் கோவையை மூடினாள். "பத்து எண்டு வையுங்கோவன்," என்றாள்.

வீரம்மா மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். இருபத்தேழோடு பத்து.

படி இறங்கும்போது கோசலாவுக்கே மனம் கேட்கவில்லை போலிருக்கிறது, திரும்பி நின்றாள். "வெடிக்காமல் கல்லுப் பிளக்கிற பவுடர் ஒண்டு இருக்கு. துளை போட்டு, பவுடரைத் தண்ணியில குழைச்சு விட்டா, அது ஊதி ஊதிக் கல்லைப் பிளந்துபோடும். ஆனா கொழும்பில இருந்துதான் எடுக்க வேணும். அனுமதி, கடிதம் எண்டு ரெண்டு மாசம் ஓடீடும்."

அவள் போன பிறகும் வீரம்மாவின் காதில் அந்த ஒரு சொல்தான் நின்றது. ஊதி ஊதி.

அன்று ரொட்டியும் சம்பலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அவள் பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, அந்தப் பவுடரு தண்ணி குடிச்சித்தானே ஊதுது?"

"ஆமா."

"நம்ம கடலையும் அதத்தானே செய்யுது."

கணேஸ் பிட்ட ரொட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "கடலைய வச்சிக் கல்ல உடைக்கப் போறியா?"

"பிளாஸ்க்க யாரு உடைச்சா?"

கணேஸ் ரொட்டியை வாயில் போட்டான். பிளாஸ்க்கை உடைத்தது அவன்தான். விறகு மிச்சம் பிடிக்கலாம் என்று எவனோ சொன்னதைக் கேட்டு, போன வருசம் சுடுதண்ணீர்ப் பிளாஸ்க்குக்குள் கழுத்து வரைக்கும் பச்சைக் கடலையைக் கொட்டி, கொதிநீர் ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். கண்டியில் தண்ணீர்க் குழாய் பதிக்கும் கொந்தராத்துக்காரரிடம் வேலை. வந்து பார்த்தால் பிளாஸ்க் உள்ளுக்குள் பொடிப்பொடியாகி, வெளித் தகரம் பிள்ளைத்தாய்ச்சி வயிறாக நின்றது. அந்தப் பிளாஸ்க்கை வீரம்மா இன்னும் எறியவில்லை. புருசன் வாயை அடைக்க வேண்டிய நேரத்துக்கு ஆகும் என்று அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறாள்.

"கண்ணாடி வேற, கல்லு வேற," என்றான் கணேஸ் கடைசியில்.

"துளை போட்டுக் குடுங்க. அதுக்கப்புறம் பேசுங்க."

கல்லின் முதுகில் குறுக்காக ஒரு வெள்ளை வரி ஓடிற்று. அந்த வரியிலேயே போடச் சொன்னாள். கொந்தராத்துக்காரரைக் கெஞ்சி ட்ரில் மெசினை வாங்கிவந்து, லயத்திலிருந்து வயர் இழுத்து, மேலே தரப்பாள் கட்டி, ஞாயிறு முழுக்க நின்று கணேஸ் பன்னிரண்டு துளை போட்டான். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைந்த ஆழம். திங்கட்கிழமை வீரம்மா ஒவ்வொரு துளையிலும் கடலையைக் கொட்டிக் குச்சியால் குத்தி இறக்கி, தண்ணீர் ஊற்றி, வாயைக் களிமண்ணால் அடைத்தாள். நல்ல கடலையாகப் பொறுக்கித்தான் போட்டாள். கல்லுக்கென்று சொத்தைக் கடலையைப் போட அவளுக்குக் கை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மேட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தாள். களிமண் மூடிகளெல்லாம் பக்கத்தில் விழுந்து கிடந்தன. பன்னிரண்டு துளையிலிருந்தும் கடலை பொங்கி வழிந்திருந்தது. கல்லின்மேல் ஏழெட்டுக் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு துளையாகப் பிரித்துக்கொண்டு, நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. கல்லில் ஒரு கீறல் இல்லை.

பதின்மூன்றாம் நம்பர்க் காணிக்காரன் ஜீவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். முச்சக்கர வண்டி ஓட்டுகிறவன், ஒரு கதை கிடைத்தால் ஊர் முழுக்கக் கொண்டுபோய் இறக்குகிறவன். "அக்கா, தேங்காச் சில்லு போட மறந்துட்டீங்க. அதான் கல்லு தொடல," என்றான்.

பத்து மணிக்குள் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கதை போய்விட்டது. கடலை வாங்க வந்த ஒவ்வொருவரும் கல்லுக்குப் பசி தீர்ந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினார்கள். வீரம்மாவும் சிரித்தாள். வியாபாரத்தில் முகம் சுளிக்க முடியாது. ஆனால் வீட்டுக்கு வந்து கதவைத் தோளால் இடித்துத் திறந்தபோது அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கதவைப் பார்த்தாள். மழைக்கு மழை இந்தக் கதவு எவ்வளவு பலமாக நிலையை நெருக்குகிறது. போன வருசம் நிலையின் ஒரு பக்கம் பிளந்தே போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் தட்டிப் பார்த்தாள்.

சனிக்கிழமை அவள் தலாத்துஓய வழியாகக் கண்டிக்குப் போய், மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை பஸ் பிடித்து அக்குறணையில் இறங்கினாள். கடலை மூட்டைக்கு அவள் மாதம் ஒரு தரம் வரும் ஊர்தான். ஆனால் அன்று கடலைக் கடையைத் தாண்டி நேரே பாரூக் நானாவின் மரக் காலைக்கு, பலகை விற்கும் வளவுக்கு, போனாள். கதவு அவரிடம் வாங்கியது, டர்பன் என்று சொல்லும் யூக்கலிப்டஸ் மரத்தில் செய்தது. எட்டு வருசமாக ஒவ்வொரு ஐப்பசிக்கும் அவள் வந்து அந்தக் கதவுக்காகச் சண்டை பிடித்துவிட்டு, ஒரு பிளேன்டித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவது வழக்கம்.

அவளைக் கண்டதும் பாரூக் நானா கையை உயர்த்தினார். "வாங்க தங்கச்சி. நான் முந்தியே செல்லிட்டேன், டர்பன் மரம் மழைக்கி வீங்கத்தான் செய்யும். அன்டக்கி பலாவுல எடுங்கன்டு செல்லக்குள்ள நீங்க கேக்கல்ல."

"கதவப் பத்திப் பேச வரல நானா. அதே டர்பன் மரத்துல இன்னும் கொஞ்சம் வேணும்."

நானா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "என்னத்துக்கு?"

"வீங்கத்தான்."

அவள் கல்லின் கதையைச் சொன்னாள். குரங்குகள் வந்த இடத்தில் நானா தொடையில் தட்டிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து மரங்களுக்கு நடுவே நடந்தார். யாரும் இதுவரைக்கும் அவரிடம் வீங்குகிற மரம் கேட்டு வந்ததில்லை. அதில் அவருக்கு ஒரு சந்தோசம் வந்துவிட்டது.

"தேக்கு எண்ணெ மரம், தண்ணிய கிட்டயும் எடுக்காது. பலா குடிக்கும், ஆனா மொள்ள மொள்ள, நோன்பு தொறக்கிற கெழவன் கஞ்சி குடிக்கிற மாதிரி. அல்பீசியா மளமளன்டு குடிக்கும், கையால அமுக்கினா புட்டு. டர்பன்தான் குடிச்சிட்டு நெஞ்ச நிமித்தும். நீங்க சரியாத்தான் வந்தீக்கிறீங்க." ஒரு பலகையை எடுத்து அதன் நார் ஓடும் பக்கத்தைத் தடவிக் காட்டினார். "ஒன்டு மட்டும் பாருங்க. மரம் நெடுக்கால வளராது. குறுக்காலதான் வீங்கும். ஒங்கட கதவும் ஒசரத்துல வளரல்லதானே, அகலத்துலதானே இறுகுது. அதால ஆப்பு அடிக்கக்குள்ள நார் மேலயும் கீழயும் ஓடோணும். அப்பதான் பக்கவாட்டுல நெரிக்கும்."

மில்லில் கொடுத்துப் பதின்மூன்று ஆப்பு அறுத்துக் கொடுத்தார். பன்னிரண்டு துளைக்கு ஒன்று கொசுறு. கூலி எவ்வளவு என்று அவள் கேட்டதற்குக் கையை ஆட்டினார்.

"கல்லு ஒடஞ்சா இனி கதவப் பத்தி ஒரு வார்த்த பேசப்படாது. அதான் வெல."

வீரம்மா கொஞ்சம் யோசித்துத்தான் சம்மதித்தாள். எட்டு வருசத்துச் சண்டையை ஒரேயடியாக விட்டுக்கொடுப்பது லேசான காரியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கணேஸ் துளைகளில் கிடந்த கடலையைத் தோண்டி எடுத்துவிட்டு ஆப்புகளை அடித்து இறக்கினான். வீரம்மா மேலே சாக்கைப் போட்டு நனைத்தாள். மழை மீதி வேலையைப் பார்த்தது. குரங்குகள் வந்தன, ஆப்பை அசைத்துப் பார்த்துவிட்டு ஏமாந்து போயின. ஆப்பசைத்த குரங்கு பட்ட பாடு இந்தக் குரங்குகளுக்கும் தெரியும் போலிருக்கிறது என்று கணேஸ் சொன்னான். திங்கள் போனது. செவ்வாய் போனது. ஆப்புகள் துளைகளில் இறுகி நின்றன, அவ்வளவுதான். கல் அப்படியே கிடந்தது.

"விடு வீரம்மா," என்றான் கணேஸ் செவ்வாய்க்கிழமை பொழுது சாயும்போது. திட்டுகிற குரலில் இல்லை. "நம்ம செய்யாதது ஒண்ணும் இல்ல. இருபத்தேழு வருசம் இருந்தாச்சு. இன்னும் கொஞ்ச நாளு."

அவன் அப்படித் தணிந்து பேசியதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அவள் அடுத்த நாளுக்கான கடலையை ஊறப்போட எழுந்தாள். அடுப்புக்கு மேலே பரண் இருந்தது. அங்கேதான் கடலை டின்னும் விறகும். கடையிலிருந்து வருகிற மூட்டையை அவள் மழைக்காலத்தில் அப்படியே ஊறப்போட மாட்டாள். ஈரக் காற்றில் கிடந்த கடலை பாதி வயிறு நிறைந்துதான் வரும். ஊறப்போட்டால் குடிக்கிற மாதிரி பாசாங்கு பண்ணுமே தவிர உப்பாது. அதனால் இரண்டு நாள் பரணில் அடுப்புச் சூட்டில் வைத்துக் காயவிட்டுத்தான் எடுப்பாள். ஆறு வருசமாகச் செய்கிற வேலை. கை தானாகச் செய்யும். அன்றும் கை டின்னைத் தொட்டது, தொட்ட இடத்திலேயே நின்றுவிட்டது.

நானா கொடுத்த கொசுறு ஆப்பு மூலையில் கிடந்தது. அதை எடுத்தாள். பரணிலிருந்து அதே பருமனில் ஒரு விறகுக் கட்டையை உருவினாள். அதுவும் டர்பன் மரம்தான், வேலியோரம் விழுந்த கிளை. மாதக் கணக்கில் அடுப்புப் புகையில் கிடந்து கறுத்திருந்தது. இரண்டையும் இரண்டு கையில் ஏந்திப் பார்த்தாள். ஆப்பு கனத்தது. விறகு ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது. இரண்டு விறகை ஒன்றோடொன்று தட்டினாள். டிங்கென்று சத்தம் வந்தது.

போனை எடுத்துப் பாரூக் நானாவைக் கூப்பிட்டாள். "நானா, உங்க மரம் முதல்லயே குடிச்சிட்டு வந்திருக்கு."

"எங்கட மரக் காலையில யாரும் குடிக்கிறல்ல தங்கச்சி," என்றார் நானா. அவள் ஆப்பையும் விறகையும் ஏந்திப் பார்த்ததைச் சொன்னாள். "மெய்தான். நனஞ்ச ஷெட்டுல மூணு மாசமா நின்ட மரம். நான் அத நெனக்கல்லயே. எங்க போய் காஞ்ச மரம் தேடப் போறீங்க இந்த மழையில?"

"தலைக்கு மேலதான் இருக்கு நானா."

கணேஸ் பரணை நிமிர்ந்து பார்த்தான். "ஏய், அது தீவாளிக்கு வச்ச வெறகு. அதுல கை வச்சா பலகாரம் எதுல சுடுறது?"

"கல்லு உடையாட்டிப் பலகாரம் எந்த வீட்டுல சுடுறதுங்க?"

கணேஸ் பரணிலிருந்து விறகை இறக்கினான். கத்தியை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தான். நார் மேலும் கீழும் ஓடும்படி பார்த்துப் பார்த்துச் செதுக்கினான். பழைய ஆப்புகளைப் புதன் காலை உளி வைத்துப் பெயர்த்தெடுத்துவிட்டு, புகை மணக்கும் புது ஆப்புகளைத் துளையில் வைத்துச் சுத்தியலால் இறுக்கினான். வீரம்மா மறுபடியும் சாக்கைப் போட்டாள். தண்ணீர் ஊற்ற நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். வானம் வெளுத்து வெயில் அடித்தது.

மூன்று வாரம் ஓயாமல் கொட்டிய மழை அன்றைக்குத்தான் நின்றது. வருணபகவானுக்கும் அவளுக்கும் ஏதோ பழைய பகை இருக்க வேண்டும். மேட்டில் தண்ணீர் இல்லை. கீழே லயத்துத் தண்ணீர்ப் பீலியில் பிடித்து நூறு படி தூக்க வேண்டும். அவளுடைய முழங்கால் இருபதாவது படியிலேயே முரண்டு பிடித்தது. வாளியை வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். யாரோ பக்கத்தில் வந்து வாளியைத் தூக்கினார்கள். ஜீவன்.

"குடுங்க அக்கா. கல்லுக்குக் கடலை போட்டீங்க, தண்ணி குடுக்காட்டி விக்கும்," என்றான். சிரிக்காமல் சொல்ல அவனுக்கு வராது. ஆனால் வாளியை மேட்டு வரைக்கும் கொண்டுபோனான். பிறகு கீழே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தான். புதன் முழுக்க, வியாழன் முழுக்க, போகிற வருகிற எல்லாரும் ஆளுக்கொரு வாளி கொண்டுவந்து சாக்கில் ஊற்றினார்கள். கோயில் ஐயர்கூட ஒரு செம்பு ஊற்றினார். லிங்கத்துக்கு ஊற்றிய பழக்கத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினார் என்று ஜீவன் பிறகு சொல்லித் திரிந்தான். வீரம்மா மட்டும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னாள். கொட்ட வேண்டாம், நனைய நனைய விடுங்கள். கடலையானாலும் கட்டையானாலும் அவசரப்படுத்தினால் மேல் தோல்தான் குடிக்கும்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கோசலா மிஸ் வந்தாள். கல் முழுசாகக் கிடந்தது.

அவள் சாக்கை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள். பன்னிரண்டு ஆப்பும் துளையை அடைத்துப் பிதுங்கிக் கொண்டிருந்தன. கணேஸ் நடந்ததைச் சொன்னான். கடலைக் கதையை அவன் விட்டுவிட்டான், ஜீவன் விடவில்லை. கோசலா குனிந்து சிரிப்பை அடக்கினாள். பிறகு அவள் முகம் மாறியது.

"இவ்வளவு செய்திருக்கிறியள். ஆனா நான் கண்ணால காணுறதைத்தானே எழுதலாம்," என்றாள்.

"எழுதுங்க மிஸ். உங்க மேல தப்பில்ல," என்றாள் வீரம்மா. "அதுக்கு முந்தி கொஞ்சம் கடலை சாப்பிடுங்க. தூரத்துல இருந்து வந்திருக்கீங்க."

இதில் தந்திரம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுப்பது வழக்கம், கொடுத்தாள். கோசலாவும் காலையில் சாப்பிடாமல் பஸ் ஏறியவள். பக்கத்துக் காணியில் அடுக்கியிருந்த கற்களின்மேல் உட்கார்ந்து ஒரு தட்டு முழுவதையும் சாப்பிட்டாள், தேத்தண்ணி குடித்தாள், இன்னும் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டாள். அதற்குமேல் தள்ளிப்போட வழியில்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை மடியில் வைத்தாள். வீரம்மா கல்லைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேனா தாளில் கீறும் சத்தம் கேட்டது.

பிறகு வேறொரு சத்தம் கேட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, கோயில் வாசலில் தேங்காய் உடைக்கிற சத்தம்தான். எல்லாரும் கோயில் பக்கம் திரும்பினார்கள். கணேஸ் மட்டும் கல்லைப் பார்த்தான்.

சாக்கு நடுவில் தொய்ந்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அவன் அதை இழுத்து எறிந்தான். வெள்ளை வரி நெடுகக் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு விரலளவு அகன்றது, உள்ளங்கையளவு அகன்றது. பள்ளத்துப் பக்கத்துப் பாதி, களைத்துப்போன ஆள் உட்காருவதுபோல மெதுவாகச் சரிந்து மண்ணில் சாய்ந்தது. ஆப்புகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

கணேஸ் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். ஜீவனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. வீரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை அவளுக்குத் துடைக்கத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் போனதும் அவள் கிட்டே போய், பிளந்த முகத்தில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் திரும்பினாள்.

"ஏங்க, இங்க வந்து தொட்டுப் பாருங்க. காஞ்சு கிடக்கு."

மூன்று வாரத்து மழை, அதற்கு முந்திய எத்தனையோ வருசத்து மழை, இரண்டு நாளாக ஊரே ஊற்றிய தண்ணீர். துளைகளுக்கு வெளியே அந்தக் கல் ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. உள்முகம் அடுப்படிபோலக் காய்ந்து, வெயிலில் மினுங்கியது. மூன்று மாதமாகச் சபித்த கல்லை அவள் இரண்டு கையாலும் தடவினாள்.

"மிஸ், இத அத்திவாரத்துக்குப் போட்டா ஈரம் மேல ஏறுமா?"

"ஏறாது அம்மா," என்றாள் கோசலா. "இந்த இருபது வீட்டிலயும் நல்ல கல்லு உங்களிட்டத்தான் இருக்கு."

"கைராசி," என்றான் கணேஸ் தரையில் உட்கார்ந்தபடியே. வீரம்மா மறுக்கவில்லை.

கோசலா எழுதிய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தாள். கல் உடைபட்டது என்று எழுதினாள். அடுத்த கேள்வியில் நின்றாள். "எப்பிடி உடைச்சது எண்டு கேட்டிருக்கு. வெடி, மெசின், சுத்தியல் எண்டு மூண்டு கட்டம்தான் இருக்கு. நான் எதில சரி போடுறது?"

"தண்ணி ஊத்தினோம்னு எழுதுங்க மிஸ்," என்றாள் வீரம்மா.

"தண்ணி ஊத்திக் கல்லு உடைஞ்சது எண்டு எழுதினா கண்டியில என்னைப் பாத்துச் சிரிப்பினம்." சொன்னாளே தவிர, மூன்று கட்டத்துக்கும் கீழே நாலாவதாக ஒரு கட்டம் கீறி, அதற்குள் தண்ணீர் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தாள்.

அதற்குள் கணேஸ் எழுந்து பிளந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பன்னிரண்டு துளையும் பாதிப் பாதியாகப் பிளந்து, குழாயை நெடுக்காக அறுத்த மாதிரித் தெரிந்தன. ஐந்தாவது துளையின் அடியில், அவன் தோண்டும்போது தப்பிப்போன ஒற்றைக் கடலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தோலைக் கிழித்துக்கொண்டு ஒரு விரல்கடை நீளத்துக்கு வெள்ளையாக முளை விட்டிருந்தது. அதை அவன் நகத்தால் மெதுவாக எடுத்து, பெண்டாட்டியின் உள்ளங்கையில் வைத்தான். வைத்த பிறகுதான் எவ்வளவு பெரிய தவறு செய்துவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்தது. அந்தப் பிளாஸ்க்குக்குப் பக்கத்தில் இனி இதுவும் இருக்கும்.

வீரம்மா முளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஜீவனைப் பார்த்தாள், கணேஸைப் பார்த்தாள், கடைசியாகக் கோசலாவைப் பார்த்தாள்.

"மிஸ், பேனாவ மூடாதீங்க."

கோசலா அவள் கையில் இருந்ததைப் பார்த்தாள். நாலாவது கட்டத்தில், தண்ணீர் என்று எழுதிய சொல்லுக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் கடலை என்று எழுதினாள்.